ஒன்பதரை விரல்

எங்கள் மிஷின்களுக்குத் தச்சுப்பட்டறைக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் பீச்சாங்கை மிஷின். மாமனார் யோசித்து யோசித்து வைத்த கம்பெனிப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை.

அவருக்கு இடது கைப் பழக்கம். ஒரு தகரக் கொட்டகையில் மோட்டார் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவர், பழைய இரும்புக் கடையில் கிடந்த சட்டத்தை வாங்கி, தன் கைக்குத் தோதாக மரம் இழைக்கும் மிஷின் ஒன்றைச் செய்தார். நிறுத்தும் சிவப்புப் பொத்தான் இடது பக்கம் வந்தது. வீட்டு வாசல் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயிண்டை மாமியார் அதற்கு அடித்தார். பார்த்த ஒருவர் கேட்டார், செய்து கொடுத்தார். அதைப் பார்த்து இன்னொருவர் கேட்டார். நாற்பது வருஷமாகப் பச்சையும் மாறவில்லை, பொத்தானும் இடம் மாறவில்லை.

இன்னொரு வழக்கமும் வைத்திருந்தார். புது மிஷினை இறக்கியதும், வாங்கியவர் கண்ணை மூடிக்கொண்டு பத்து தடவை அந்தப் பொத்தானை அடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கரண்டு. "ஓட்டறதுக்கு ஆயிரம் பேர் இருக்கான். நிறுத்தத் தெரிஞ்சவனுக்குத்தான் மிஷின்" என்பார்.

அவர் போய்ச் சேர்ந்த பிறகு விற்பனை என் வீட்டுக்காரருக்கு, டிசைன் எனக்கு. மருமகள் சும்மா இருப்பேனா? உலகத்தில் முக்கால்வாசிப் பேர் வலது கைக்காரர்கள் என்று சொல்லி, புது மாடலில் பொத்தானை வலது பக்கம் கொண்டுபோனேன். சட்டம் பழைய அச்சில் வார்த்ததுதான் என்பதால், அதில் இருந்த இடது பக்கத்து ஓட்டையை மூட, கம்பெனிப் பெயரைப் புடைப்பு எழுத்தில் வார்த்த பித்தளைத் தகடு. பத்து தடவை அடிக்கும் கூத்தை நிறுத்திவிட்டு, விளக்கமாக ஒரு தாள் அச்சடித்து மிஷினோடு வைத்தேன். அப்போது என் தலைக்கனத்துக்குத் தனியாக ஒரு லாரி பிடித்திருக்க வேண்டும்.

முதல் புது மாடல் ஒன்பதரை என்கிற தச்சருக்குப் போனது. அலமாரி செய்கிறவர். இளவயதில் வேறு யாரோ செய்த மிஷினில் இடது சுண்டுவிரலில் பாதியை விட்டவர். அதன் பிறகு எங்கள் மிஷினுக்கு வந்து, முப்பது வருஷமாக ஒரு கீறல் இல்லை. ஒன்பதரை என்ற பெயரைத் தனக்குத் தானே வைத்துக்கொண்ட மனுஷன்.

காலையில் புதியதை இறக்கிவிட்டு, அவருடைய பழைய மிஷினை ஏற்றிக்கொண்டு லாரி திரும்பி வந்தது. தூசி தட்டலாம் என்று துணியோடு போனேன். இடது பொத்தானைச் சுற்றி ஓர் உள்ளங்கை அளவுக்குப் பெயிண்ட் தேய்ந்து, இரும்பு பளபளவென்று இருந்தது. வலது பக்கத்தில் பச்சை நேற்று அடித்த மாதிரி இருந்தது.

முப்பது வருஷம் யோசிக்காமல் போய் அடித்த கை. ஆபத்து என்றால் இன்றைக்கும் அது இடது பக்கம்தான் போகும். அங்கே நான் வைத்திருப்பது வெறும் பெயர்த் தகடு.

போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மிஷின் ஓடும்போது அவர் போனைத் தொடமாட்டார் என்பது எங்களுக்குத் தெரியும்.

"வண்டிய எடுங்க" என்று கத்தினேன்.

"என்னாச்சு?"

"நான் புத்திசாலியாகிட்டேன், அதான் ஆச்சு. எடுங்க சீக்கிரம்!"

வழியில் விஷயத்தைச் சொன்னதும் வீட்டுக்காரர் முகம் பேயறைந்தது போல ஆனது. ஹாரனை அடித்துக்கொண்டே ஓட்டினார். நான் ஏழு தடவை போன் செய்தேன். வேண்டாத தெய்வமில்லை.

பட்டறை வாசலில் சத்தமே இல்லை. உள்ளே ஓடினேன். புது மிஷின் பக்கத்தில் ஒன்பதரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இடது கையில் பந்து போல ஈரத்துணி சுற்றியிருந்தது.

"ஐயா..." என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து துணியை அவிழ்த்தேன். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரல், அரைச் சுண்டுவிரல். நாலரை. வலது கையையும் பிடித்து எண்ணினேன். ஐந்து.

"ஒன்பதரைதாம்மா. வேணும்னா இன்னொரு தடவ எண்ணிக்கோ" என்றார்.

அந்த நிமிஷம் அவர் காலில் விழச் சொன்னாலும் விழுந்திருப்பேன். ஓவென்று அழுதேன்.

"மிஷின ஓட்டினீங்களா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"கரண்டே குடுக்கல தம்பி. உங்கப்பா சொன்ன மாதிரி கண்ண மூடிட்டு பத்து தடவ அடிச்சுப் பாக்கலாம்னு ஓங்கி ஒண்ணு போட்டேன். முதல் அடியிலயே உயிர் போயிடுச்சு."

"தாள் வெச்சிருந்தேனே ஐயா?"

"கண்ணாடி போட்டுட்டுப் படிக்கலாம்னு வெச்சிருக்கேன்."

"போனயாவது எடுத்திருக்கலாம்ல?"

"கை வீங்கியிருக்கு. அதோட உன்மேல கோவம் வேற. அடிக்கட்டும்னு விட்டுட்டேன்."

உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். சிவந்து கன்றிய தோலில் புடைப்பு எழுத்துகள் இடம் வலம் மாறிப் பதிந்திருந்தன. "உங்க கம்பெனிப் பேரு இத்தன வருஷமா என் வாயில நுழைஞ்சதில்ல. இனிமே மறக்காது."

வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நானும் சிரித்தேன்.

வண்டியில் மாற்றுப் பொத்தான் ஒன்று இருந்தது. தகட்டைக் கழற்றினோம். ஓட்டை பத்திரமாக அங்கேயே இருந்தது. பொத்தானை அதில் பொருத்தி, எதை அடித்தாலும் நிற்கும்படி வலது பக்கத்துப் பொத்தானோடு சேர்த்து ஒயர் இழுக்க ஒரு மணி நேரம் பிடித்தது. இனி எல்லா மிஷினிலும் இரண்டு பக்கமும் பொத்தான் என்று அங்கேயே முடிவு செய்தேன். அந்தத் தாளை நானே கிழித்துப் போட்டேன்.

வீட்டுக்காரர் மெயின் சுவிட்சில் கை வைத்தார். "இருங்க" என்றேன்.

ஒன்பதரை மிஷின் முன்னால் போய் நின்று கண்களை மூடிக்கொண்டார். வீங்கிய இடது கை நேராகப் பொத்தானில் போய் விழுந்தது. நான் சத்தமாக எண்ணினேன். பத்து எண்ணி முடித்த பிறகுதான் கரண்டு கொடுக்க விட்டேன்.