முன்னறை நாற்காலி

என் மனைவி ஐசும்மாவுக்கு வலது முழங்காலில் அறுவை நடந்து முப்பத்தைந்து நாள் ஆகியிருந்தது. பக்கத்துச் சித்தூரிலிருந்து பயிற்சி கொடுக்க வரும் லிஜி அன்று முட்டை மடக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். படுக்கையறைக்குள்ளேயே கிடந்தால் முட்டு மடங்காது, இரண்டு வாரத்துக்குள் மடங்காவிட்டால் அப்படியே நின்றுவிடும், மணிக்கொரு தடவை முன்னறைவரை நடந்து வந்து உட்காரச் சொல்லுங்கள் என்று என்னிடம் தனியாகச் சொல்லிப் போனாள்.

முன்னறை பதினான்கடிக்குப் பதினோரடி. அதில் மகள் ஃபர்ஸானா கோயமுத்தூரிலிருந்து அனுப்பிய சோபா, டீப்பாய், டிவி, பிறகு என் எழுத்து மேசை. எங்கள் ஊர் நல்லேப்பிள்ளியில் நெல் கொள்முதலுக்கு மனு எழுத வேண்டுமென்றால் பாதிப்பேர் என்னிடம்தான் வருவார்கள்.

எதையும் வரைந்து பார்த்துச் செய்வது என் வழக்கம். கட்டம் போட்ட தாளில் அறையை வரைந்து, சோபா அளவுக்கு அட்டை வெட்டி நகர்த்திப் பார்த்தேன். முதல் நாள் சோபாவின் காலுக்கடியில் சாக்கைக் கொடுத்து, தனியாளாக மேற்குச் சுவரோரம் இழுத்துப் போட்டேன். வாக்கர் போக மூன்றடி வழி கிடைத்தது. அவள் வரவில்லை. மறுநாள் டிவியைத் திருப்பி வைத்தேன். படுக்கையறை வாசல் திரையை விலக்கிப் பார்த்து, "நல்லாருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பிவிட்டாள். யாருக்காக இந்த இடுப்பு வலி என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

சோபா தாழ்வு, அதனால்தான் வரவில்லை என்று மூன்றாம் நாள் எனக்கே ஒரு யோசனை. படுக்கையறையில் அவள் உட்காரும் உயரமான கை வைத்த நாற்காலியைத் தூக்கி வந்து ஜன்னலோரம் போட்டேன். இனி வந்துதானே ஆக வேண்டும்.

வந்தாள். பத்து எட்டு வைத்து, உட்கார்ந்து, வயலைப் பார்த்தாள். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. வாசலில், மனு எழுத வந்த அஷ்ரஃப் செருப்பைக் கழற்றிக்கொண்டே சலாம் சொன்னார். அவள் பதறி எழுந்தாள். வாக்கர் கால்மிதியில் மாட்டியது. விடுவித்துக்கொண்டு திரைக்குள் போனாள். அஷ்ரஃப் தலையைக் குனிந்தபடி வந்து சோபாவில் உட்கார்ந்தார். கிணற்று மோட்டாருக்கு ஒரு மனு. அதற்கு முன்னால் தண்ணீர், பயிரை அழிக்கும் காட்டுப்பன்றி, மருமகன் என்று முக்கால் மணி நேரம் பேச்சு.

அவர் போனபின் உள்ளே போனேன். ஐசும்மா திரையை ஒட்டிச் சுவரைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள். கட்டில் தாழ்வு, என் கை இல்லாமல் அவளால் அதில் உட்கார முடியாது. நாற்காலியோ முன்னறையில் இருந்தது.

ஒரு குரல் கொடுத்திருக்கலாமே என்று கோபப்பட்டேன்.

"அத்தன பேச்சுக்கு நடுவுல எப்பிடிங்க கூப்படறது?" என்றாள். முகமெல்லாம் வேர்வை. "நீங்க சோபாவ எந்தச் செவுத்துக்குத் தள்ளுனாலும் அதுல உக்கார்றது அவங்கதான். ஒவ்வொருத்தரு வர்றப்பயும் நானு எந்திரிச்சு ஓடோணும். அதுக்கு உள்ளயே கெடக்கறது தேவலைங்க."

வெளி ஆண்கள் வந்தால் பெண்கள் உள்ளே போய்விடுவது எங்கள் வீட்டில் என் உம்மா காலத்திலிருந்து நடப்பதுதான். தாளில் வாக்கருக்கு வழி வரைந்தவன், வருகிறவர்களை எங்கேயும் வரையவில்லை. அட்டைத் துண்டுகளைக் கசக்கிப் போட்டேன்.

அன்றைக்கே என் மேசையையும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளையும் வாசலை ஒட்டிய சிட்டவுட் திண்ணைக்குக் கொண்டுவந்தேன். அவள் கட்டிலுக்குக் கீழே நான்கு செங்கல் வைத்து உயர்த்தினேன். முன்வாசல் கதவுக்கும் ஒரு திரை.

மறுநாள் மனுவில் ஒரு தேதியை மாற்ற அஷ்ரஃப் வந்தார். மழைச் சாரல் மேசைவரை அடித்தது. இங்கேயே உட்காரலாம் என்றேன்.

"கடன் கேக்க வந்தவனாட்டம் வெளிய உக்கார வெச்சுட்டீங்களே சிக்கந்தர் பாய்," என்று நாற்காலியைச் சுவரோரம் இழுத்தார். "உள்ள சோபா சும்மாதானுங்க கெடக்குது?"

சும்மா இல்லை என்றேன். நனைந்த மனுவை மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டியிருந்தது. திரைக்குப் பின்னால் வாக்கரின் ரப்பர் தரையில் தேய்ந்து வந்தது. எண்ணினேன். ஆறாவது எட்டில் நின்றுவிட்டது.

"ஏனுங்க," என்று உள்ளிருந்து ஐசும்மா கூப்பிட்டாள். "அந்த டீப்பாய மட்டும் ஏனுங்க எனக்குக் குறுக்கால வெச்சுட்டுப் போனீங்க? அதையும் வெளிய எடுத்துக்கங்க."

எழுந்து போய்த் தூக்கி வந்தேன். அஷ்ரஃப் தன் டீ கிளாஸை அதன்மேல் வைத்தார்.