நாற்பது நாள் உபவாசம்

கொரியாவில், எங்கள் ஜியோன்ஜு ஊர்ச் சபையில் போங்சுன் எழுந்து, கர்த்தர் தன்னைத் தேற்றிய கதையைச் சாட்சியாகச் சொன்னால் கூட்டமே அழும். அவளுடைய தங்கை ஓக்ரிம் மட்டும் சிரிப்பாள். தங்கையையும் விசுவாசத்துக்குள் கொண்டுவரத் தவித்த போங்சுனுக்கு, அந்தச் சிரிப்பு ஏன் என்று விளங்கவேயில்லை.

இருவரும் கிம்ச்சி ஊறுகாய்க்காகக் கோஸுக்கு உப்புத் தடவும்போது போங்சுன் மறுபடியும் ஆரம்பித்தாள். "உங்க அத்தான் செத்தப்போ ஜெப மலையில நாற்பது நாள் உபவாசம் இருந்தேன்..."

"போன வருஷம் பத்து நாள்னியேக்கா! நிஜத்துல மூணாம் நாளே எங்கிட்ட வந்து ரெண்டு கிண்ணம் நூடுல்ஸ் முழுங்கின. அடுத்த வருஷம் கல்லறையிலிருந்தே எழுந்து வருவியா?"

எங்கள் சபையில் சாட்சிகள் இப்படித்தான் வளர்கின்றன. ஒவ்வொரு அல்லேலூயாவுக்கும் சில நாட்கள் கூடும். அழுபவர்கள் யாரும் அந்த நாட்களில் உடன் இருந்தவர்கள் இல்லை, ஓக்ரிம் இருந்தவள்.

போங்சுனின் முகம் சிவந்தது. "சரிடி, மூணு நாள்தான். பசி தாங்கல. தனியா படுக்கப் பயமா இருக்கு ஆண்டவரேன்னு அழுதேன். அவர் போனப்புறம் அன்னிக்குத்தான் தூங்கினேன். அவ்வளவுதான்."

ஓக்ரிமின் கை உப்பிலேயே நின்றது. "இதை ஏன்க்கா சொல்லவேயில்ல? அப்புறம்?"

ஒருவரை விசுவாசத்துக்குள் கொண்டுவரும் வழி இதுதான்: உடன் இருந்தவர் தலையாட்டும் அளவுக்கு மட்டும் சாட்சி சொல்ல வேண்டும்.