சிவப்புக் கிதாரும் வெள்ளைக் கிதாரும்

1

வாசகர்களுக்கு என் பணிவான வணக்கம். இது என் முதற்கதை. ஆகையால் இது எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று கருதுகிறேன்.

போரினால் பெட்ரோல் அரிதாகிவிட்டபடியால், சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் பஸ்களின் முதுகில் கரிவாயு தரும் கரியடுப்புகள் ஏறியிருக்கின்றன. அப்படியொரு பஸ்ஸில் மோகனூரிலுள்ள என் தமக்கையின் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். புதுச்சத்திரத்துக்கு முன்னால் ஒரு மேட்டில் பஸ் மூச்சடங்கி நின்றது. கண்டக்டர் இறங்கி அடுப்பைக் கிளறினார். சாலையோரத்தில் கிளுவை வேலி. அதற்கப்பால் தகரம் வேய்ந்த நீண்ட கொட்டகை. பேசும்படம் எடுக்கிறவர்கள் அதை வாடகைக்குப் பிடித்திருப்பதாகப் பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள்.

கொட்டகையிலிருந்து ஒரு கிதார் கேட்டது. சற்றுப் பொறுத்து அதே மெட்டு மறுபடியும் கேட்டது. ஆனால் அது வேறு கிதார்.

அந்த ‘ஆனால்’தான் இந்தக் கதை.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்களை மறைப்பதற்கில்லை.

“கலைமகளின் அருள் சுரக்கும் சேலம் ஜில்லாவின்கண்...” (அடித்துவிட்டேன். கலைமகள் அந்தக் கொட்டகைக்குள் இருந்திருந்தால், தகரக் கூரையின் வெக்கை தாளாமல் முதலில் வெளியேறியிருப்பாள்.)

“மகோகனி என்பது செந்நிறமான அயல்நாட்டு மரம். உடல் முழுவதும் அதனாலேயே செய்த கிதாருக்கும், முகப்பில் மட்டும் ஸ்புரூஸ் என்னும் வெளிறிய மரப்பலகை பொருத்திய கிதாருக்கும் உள்ள வேறுபாடுகளாவன...” (இதற்கு மதிப்பெண் கிடைக்கும். வாசகர் கிடைக்கமாட்டார்.)

“நான் கத்தமாட்டேன் என்றாள் மாரக்காள்.”

இதை வைத்துக்கொள்கிறேன். அந்த வாக்கியத்துக்கு எப்படிப் போய்ச் சேருவது என்பதுதான் இனி என் கவலை.

3

பஸ்ஸிலிருந்து கேட்டபோது எனக்கு முதல் கிதாரே பிடித்திருந்தது. அது சாலைவரை வந்தது. இரண்டாவது, பாதி வழியில் நின்றுவிட்டது. அது என்னதான் வாசிக்கிறது என்று அறிய விரும்பி, பிறர் கொட்டகைக்குள் எட்டிப் பார்க்கக் கூசுகிற நான், வேலியின் இடுக்கில் நுழைந்து சன்னலோரம் போய் நின்றுவிட்டேன். வெக்கைக்காகச் சன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள்.

உள்ளே மூவர். பெயர்கள் நான் இட்டவை. பொருந்தாவிடில் மன்னிக்க வேண்டும். பாடுகிறவள் மாரக்காள், எருமப்பட்டிப் பக்கத்துப் பெண். படத்தில் பாட அவளுக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு அது. கிதார் வாசிக்கிறவர் உசேன், சேலம் கடைவீதியில் ஜவுளி வியாபாரக் குடும்பம். மூன்றாமவர் பாட்டு வாத்தியார் பாலசுந்தரம். அவர் மைக்கின் அருகில் இல்லை. கொட்டகையின் கடைசிச் சுவரில் முதுகைச் சாய்த்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

(அவரை முதலில் ஒரு மூடராக எழுதினேன். அது நியாயமன்று. நாடகக் கம்பெனிகளில் எல்லா வாத்தியார்களும் அப்படித்தான் நிற்பார்கள். மைக் இல்லாத காலத்தில், திருவிழாக் கொட்டகையில், கடைசியில் மண்ணில் அமர்ந்திருக்கும் தரை டிக்கெட்டுக்காரனுக்குக் கேட்கிறதா என்று சோதிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. அந்தச் சுவர் எத்தனையோ நாடகங்களைக் காப்பாற்றியிருக்கும்.)

4

ஓசையை எழுத்தில் வைக்க எனக்குத் தெரிந்த மட்டும் முயல்கிறேன்.

சாலையில் நான் முதலில் கேட்ட வெள்ளை முகக் கிதார் கம்பெனிக்குச் சொந்தமானது. உசேன் அதை மெதுவாகத் தொட்டால் மெதுவாகப் பேசியது. ஓங்கி மீட்டினால் மேலும் மேலும் விரிந்தது. ஒரு சுரத்தை விட்டால் அதன் தலைக்குமேல் மெல்லிய சுரங்கள் பல, திருவிழாவுக்கு வந்த உறவினர்போல், கூட்டமாக நின்று மினுங்கின. அடுத்த சுரம் வந்த பின்னும் அவை எழுந்து போகவில்லை.

சிவப்புக் கிதார் உசேனுடையது. முகம், விலா, முதுகு எல்லாம் ஒரே மகோகனி. ஊரைவிட்டுப் போன ஒரு ரயில்வே கார்டிடம் வாங்கியதாம். அதில் சுரம் தனியாக வந்தது. உருண்டையாக, உலர்ந்து, நெல் நிறைந்த குதிரின் மண்சுவரைத் தட்டினாற்போல் அடியிலிருந்து வந்து, வேலை முடிந்ததும் போய்விட்டது. ஓங்கி மீட்டினாலும் ஓரளவுக்குமேல் பெரிதாகவில்லை. சூடான வார்த்தை கேட்டும் உதட்டை அழுத்திக்கொள்ளும் மனிதர் உண்டல்லவா, அப்படி.

நேர்மையாகச் சொல்ல வேண்டும்: பாட்டுக்கு முன்வரும் வாசிப்பில் வெள்ளைதான் வென்றது. சிவப்பு அங்கே சற்று ஏழையாகவே ஒலித்தது. ஆனால் மாரக்காளின் குரலும் அடியில் ஓடுகிற குரல். வெள்ளையோடு சேர்ந்தபோது அந்த மினுங்கலைத் தாண்ட அவள் கத்த வேண்டியிருந்தது. கத்தியபோது, மேல்ஸ்தாயியில் குரல் பிசிறடித்தது.

5

“அம்மிணி, இன்னொருக்கா பிசிறடிச்சா நான் ஒண்ணும் பண்றதுக்கில்லை. நாளைக்கு மதராஸ்ல இருந்து வேற பாட்டுக்காரம்மா ரயில் ஏறுது” என்றார் பாலசுந்தரம், சுவரிலிருந்தபடியே.

“ஏறட்டுங்க. அதுக்கும் இந்த வெள்ளைக் கிதாரைத்தானுங்களே குடுப்பீங்க?”

“பின்னே? பாய் கிதாருக்குத்தான் சளி புடிச்சிருக்குதே. இங்க நிக்கிறேன், ஒரு எழவும் கேக்கலை.”

“சளி இல்லை வாத்தியாரே, அடக்கம்” என்றார் உசேன். “பெரியவங்க பேசறப்ப குறுக்க பேசாது.”

“தரை டிக்கெட்டுக்குக் கேக்காதது ஒரு வாத்தியமா?”

“தரை டிக்கெட்டு இங்க எங்க இருக்கு? உங்களுக்குப் பின்னால வெறும் சொவருதான இருக்கு!”

பாலசுந்தரம் தம்மையறியாமல் திரும்பிச் சுவரைப் பார்த்தார். உசேன் சிரிப்பை அடக்கினார். மாரக்காள் சிரிக்கவில்லை.

“ஏனுங்க வாத்தியாரே, அந்த வெள்ளைக் கிதாரு நானு வாயத் தொறக்கறதுக்குள்ளயே பதில் சொல்லிப்போடுதுங்க. செவப்பு, நானு சொல்லி முடிக்கற வரைக்கும் காத்துட்டிருக்குது. அங்க நின்னா அது தெரியாதுங்க. மைக்கு நிக்கற எடத்துல வந்து நில்லுங்க.”

“எங்கே?”

“இங்கத்தானுங்க. என்ற மூஞ்சிக்கு முன்னால.”

பாலசுந்தரத்தின் காதுமடல் சிவந்தது. “பொம்பளை வாய்க்கு ஒரு சாண் தூரத்துல வந்து நிக்கறதா? பார்க்கறவன் என்ன பேசுவான்?”

“அந்த மைக்கு காத்தாலே இருந்து நிக்குதுங்களே. அதை யாரும் ஒண்ணும் பேசலியே.”

6

(அடிக்குறிப்புப் போல ஒன்று. இதை எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. பஸ்ஸில் உட்கார்ந்து முதல் கிதார்தான் பிடித்திருக்கிறது என்று முடிவு செய்தேனே, அப்போது நானும் அந்தச் சுவரோரத்தில்தான் நின்றிருந்தேன். எட்டுகிற ஓசையை நல்ல ஓசை என்று எண்ணிவிட்டேன். வேலியைத் தாண்டாதிருந்தால் இந்தக் கதையில் மாரக்காளே இருந்திருக்கமாட்டாள்.)

7

பாலசுந்தரம் நடந்து வந்தார். அது எளிதான நடையாக இல்லை. கொட்டகையின் நடுவில் ஒருமுறை நின்று, திரும்பிப் போய்விடுவார்போலத் தோன்றி, பிறகு வந்தார். மைக்கைத் தாமே நகர்த்திவிட்டு அந்த இடத்தில் நின்றார்.

“அந்தப் பக்கம் திரும்பிக்குங்க” என்றாள் மாரக்காள். “எந்தக் கிதாருன்னு பாக்க வேண்டாம். காது மட்டும் இருந்தாப் போதும்.”

அவர் முதுகைக் காட்டி நின்றார்.

“பாய், எதை எடுக்கறீங்கன்னு எனக்கும் சொல்லாதீங்க. உங்களுக்கு எது சரின்னு படுதோ அதை எடுங்க. நானுங் கண்ணை மூடிக்கறேன்.”

“அம்மா, நாளைக்கு ஆள் வரப்போகுது. வெளையாட்டு இல்லை.”

“தெரியுமுங்க. ஊட்ல எல்லார்த்தையும் மொறைச்சுக்கிட்டுத்தான் வந்திருக்கறேன்.” அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “எதை எடுத்தாலும் பாடுவேன். ஆனா நான் கத்தமாட்டேன். என்ற கொரலு எவ்வளவோ அவ்வளவுதான். கிதாரு மேல ஏறி மூடுனா மூடட்டும்.”

இதோ, என் வாக்கியத்துக்கு வந்து சேர்ந்துவிட்டேன்.

8

முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன்.

“சிவப்புக் கிதாரைக் கேட்டதும் பாலசுந்தரத்தின் கண்களில் நீர் பெருக, ‘அம்மிணி, நான்...’” (நிறுத்திவிட்டேன். அவர் முதுகைக் காட்டி நிற்கிறார். கண்களை நான் எப்படிப் பார்த்தேன்?)

“முன்வாசிப்பில் வெள்ளை வென்றது நினைவுக்கு வர, உசேன் அதையே எடுத்தார். அதை அவர் இவ்வளவு மெதுவாகத் தொட்டதில்லை. அந்த மினுங்கல் அவளுக்காக...” (இது நன்றாகத்தான் இருக்கிறது. அதனால்தான் அஞ்சுகிறேன். நன்றாக இருப்பதற்காகவே ஒன்றை நடந்ததாகச் சொல்லலாமா?)

“மறுநாள் மதராஸ் ரயில்...” (இல்லை. அந்த ரயிலை என் கதைக்குள் வரவிடமாட்டேன்.)

பிறர் மனம் நோகாதபடி பேசவே பழகியவன் நான். ஆயினும் இதில் மட்டும் பிடிவாதமாக இருக்க அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்: எனக்குத் தெரியாத முடிவை நான் எழுதப்போவதில்லை.

நடந்தது இவ்வளவுதான். சாலையில் பஸ் உறுமியது. “ஏனுங்க சாமி! வேலிக்குள்ள என்ன பண்றீங்க? கரி புடிச்சுக்கிச்சு, இப்ப ஏறாட்டி நாமக்கல்லுக்கு நடக்கோணுமுங்க!” என்று கண்டக்டர் கூவினார். பஸ்ஸிலிருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஓடினேன். ஓடும்போது, முன்வாசிப்பு இல்லாமலே, மாரக்காள் பாட்டைத் தொடங்கிவிட்டாள். குரல் மட்டும். பெரியதன்று, சாலைவரை வருவதற்கு அது சிறிதும் முயலவில்லை. வேலியருகில் அதை இழந்துவிட்டேன்.

முதலடி முடிந்த இடத்தில் கிதார் நுழைய வேண்டும்.

அன்பார்ந்த வாசகரே, நீங்கள் ஓடிப் பிடிக்க வேண்டிய பஸ் ஏதுமில்லை. கொட்டகையின் கடைசிச் சுவரை விட்டு வாருங்கள். மைக் நின்ற இடத்தில் உங்களுக்கும் இடமிருக்கிறது. அவள் கண்ணை மூடியிருக்கிறாள். வாத்தியார் திரும்பி நிற்கிறார். உசேனின் இரு பக்கமும் இரண்டு கிதார்கள் சாய்ந்திருக்கின்றன. முதலடியை அவள் பாடி முடித்துவிட்டாள்.

அவர் கை எதன்மேல் போகிறது?