வாய் திறக்காத இடிவீரன்

பத்திரிகை அலுவலகத்தில் அவளுக்குக் ‘கத்தரி’ என்று பெயர். விமர்சனத்துக்கு எந்தப் புத்தகம் வந்தாலும் தயவு தாட்சண்யம் பார்க்காமல் கிழித்துவிடுவாள். இடிவீரன் காமிக்ஸ் என்றால் கேட்கவே வேண்டாம். அதற்குக் கதை எழுதியவன் அவளுடைய அண்ணன்.

“வில்லன் தப்பி ஓடுகிறான், நம் வீரரோ பக்கம் பக்கமாகப் பிரசங்கம் செய்கிறார்” என்று ஒவ்வொரு முறையும் குத்துவாள். விமர்சனம் வெளிவந்த காலையில், காபி ஆறுவதற்குள் அண்ணனின் போன் வரும். “ஏண்டி, வீரன்னா பேசக் கூடாதா? நீ மட்டும் என்ன ஊமையா?” அடுத்த இதழில் வேண்டுமென்றே இன்னொரு பக்கம் கூடுதலாகப் பேச வைப்பான் அந்தப் பிடிவாதக்காரன்.

அவன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தபின், புது எழுத்தாளரின் முதல் இதழ் இன்று அவள் மேஜைக்கு வந்தது. இடிவீரன் வந்தான், அடித்தான், போனான். வாயே திறக்கவில்லை. இத்தனை வருடமாக அவள் கேட்டது இதைத்தான். நடுவில் வில்லனின் முகமூடி காரணமே இல்லாமல் பச்சையிலிருந்து நீலமாக மாறியிருந்தது. அண்ணன் எழுதிய காலமாக இருந்தால் அதை வைத்தே அரைப்பக்கம் ஆடித் தீர்த்திருப்பாள். ‘கச்சிதமான கதை’ என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தாள்.

ஆசிரியர் நிமிர்ந்தார். “என்னம்மா, ஒரு வரியோட நிறுத்திட்டே? நாலு திட்டு திட்ட ஒண்ணுமே கிடைக்கலையா?”

“கிடைச்சுது சார். திட்டினா, காலையில சண்டைக்கு யார் சார் கூப்பிடுவாங்க?”