உப்பு பார்த்தவள்

கால்நடை ஆஸ்பத்திரி நுண்ணோக்கியில் புழு சுருண்டு கிடந்தது. பண்ணைக்காரன் மிலோயே காலையில் அறுத்த பன்றியிலிருந்து சோதனைக்கு வந்த தசையில் இருந்தது அது. அவனுடைய சோளக் கிடங்கில் எலிகள் ஓடுவதைப் பற்றிப் பலமுறை எச்சரித்திருந்தேன்; எலியைத் தின்னும் பன்றிக்குத்தான் இந்தப் புழு தொற்றும். போனை யாரும் எடுக்காததால் வண்டியை விரட்டினேன்.

முற்றத்தில் தொத்திறைச்சிக்குக் கறி பிசைந்துகொண்டிருந்தார்கள்.

"யாரும் வாயில வைக்காதீங்க. கறியில புழு இருக்கு."

மிலோயே சிரித்தான். "பங்கு கேக்க இப்படியும் ஒரு வழியா, டாக்டர்?"

"பச்சையா யார் தின்னது?"

சிரிப்பு நின்றது. எங்கள் ஸ்ரெம் வட்டாரத்தில் தொத்திறைச்சிக்குப் பிசையும்போது பச்சைக் கறியைக் கிள்ளித் தின்றுதான் உப்பு பார்ப்பார்கள்.

"மசக்கைக்காரி நாக்கு தப்பாதுன்னு நான்தான் மருமககிட்ட கொடுத்தேன்" என்றாள் மிலோயேயின் அம்மா லூபின்கா.

மிலோயேயின் மனைவி, மூன்று மாதக் கர்ப்பிணி துஷாங்கா என்னைப் பார்த்தாள். "மருந்து இருக்குல்ல?"

"இருக்கும்மா. ஆனா வயித்துல இருக்கிற பிள்ளைக்கு ஆகாது."

"சாப்பிடலேன்னா?"

"புழு உன் தசையில ஏறும். இதயத்தையும் பாதிக்கலாம்."

மிலோயே கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சாவி தேடினான். துஷாங்கா கைகழுவிவிட்டு என் வண்டியில் ஏறினாள்.

"ஆஸ்பத்திரியில மருந்து வேணுமா வேணாமான்னு என்னைக் கேக்கச் சொல்லுங்க டாக்டர். இவங்க யாரையும் கேக்க வேணாம்."