கனிமொழி போட்ட கண்டிஷன்

ஐந்தாம் மாதம் பிறந்ததும் கனிமொழியைச் சுற்றி இருந்த எல்லோரும் வைத்தியர்கள் ஆகிவிட்டார்கள்.

அரூரில் இ-சேவை மையத்தில் வேலை பார்த்தவள், மூன்று வாரமாக லீவில் இருந்தாள். காலையில் கண் விழித்தால் எழுந்திருக்கத் தோன்றவில்லை. தட்டில் போட்ட சோறு அப்படியே ஆறிப்போனது. வயிற்றில் பிள்ளை அசையும்போது சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் ஒன்றுமே வரவில்லை. மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

மாமியார் தங்கம்மாள் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். "சீரியல்ல பொம்பளைங்க அழுவறதப் பார்த்துத்தான் இப்படி. நாப்பத்தெட்டு நாளைக்கு டிவி பக்கமே போவாத கண்ணு."

மரவள்ளிக் கிழங்கு ஏற்றும் மினி லாரி ஓட்டுகிற கணவன் இளம்பரிதி, போனில் வேறொன்று பார்த்து வைத்திருந்தான். தினமும் கண்ணாடி முன்னால் நின்று பத்து நிமிடம் சத்தமாகச் சிரிக்க வேண்டுமாம். பக்கத்து வீட்டு வெங்கடாசலம், ரிட்டயரான டிரில் மாஸ்டர். விடியற்காலை ஐந்து மணிக்கு ஏரிக்கரையில் நடந்தால் எந்த வியாதியும் ஓடிவிடும் என்பது அவர் கட்சி.

மறுத்துப் பேசக்கூடக் கனிமொழிக்குத் தெம்பு இல்லை. ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசியபோது, அவளுக்குள் எங்கோ தூங்கிக்கொண்டிருந்த குறும்பு ஒரு கண்ணைத் திறந்தது.

"சரிங்க. எல்லாமே செய்யறன். ஆனா ஒரு கண்டிஷன். யாரு சொன்னாங்களோ அவுங்களும் என்கூடச் சேர்ந்து செய்யணும்."

கர்ப்பிணி கேட்டால் யாரால் மாட்டேன் என்று சொல்ல முடியும்?

மறுநாள் காலை ஐந்து மணிக்கு அவளே போய் மாஸ்டர் வீட்டுக் கதவைத் தட்டினாள். பத்து வருஷமாக ஏழு மணிக்கு முன்னால் எழுந்திராதவர் என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. மூன்றாம் நாள் நாய் துரத்தியதில் அவருடைய ஒரு செருப்பு ஏரியோடு போனது. இளம்பரிதி கண்ணாடி முன்னால் "ஹா ஹா" என்று கத்திக்கொண்டிருந்தபோது லோடு பேச வந்த ஆள், வாசலோடு திரும்பிப் போய்விட்டார். தங்கம்மாள் ஒன்பது மணி ஆனால் அணைத்து வைத்த டிவியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான்காம் நாள், புருஷன் சிரிப்பதைப் பார்த்துக் கனிமொழிக்கு நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது. வீடே கொண்டாடியது. அன்று சாயங்காலம் கரண்டி ஒன்று கைதவறி விழுந்தது. அதற்காக அவள் ஒரு மணி நேரம் அழுதாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. சிரித்தது வேறு, சரியாவது வேறு என்பது மட்டும் தெரிந்தது.

அடுத்த வாரம் சோதனைக்கு வந்த கிராம நர்ஸ் ரோசம்மாள், எடை பார்த்ததும் பேனாவை மூடி வைத்தாள். இரண்டு கிலோ குறைந்திருந்தது.

"தூக்கம் வருதா? எதுலயாச்சும் மனசு ஒட்டுதா? சாவணும்னு எண்ணம் வருதா?"

"சாவணும்னு இல்லிங்கக்கா. விடியாமலே இருந்தா தேவலைன்னு இருக்குது." கனிமொழி தயங்கினாள். பிறகு சொல்லிவிட்டாள். "சேலத்துல காலேஜ் படிக்கறப்பவும் இப்படி வந்துச்சு. பத்து மாசம் மாத்திரை சாப்ட்டன். நல்லாயிடுச்சு. கல்யாணம் பேசறப்ப அம்மா சொல்லக்கூடாதுன்னுட்டாங்க."

பின்னால் காபி டம்ளரோடு தங்கம்மாள் நின்றிருந்தாள்.

"அப்ப மருந்து இன்னதுன்னு தெரிஞ்சி வச்சிக்கினே எங்கள இந்தப் பாடு படுத்தினியா?" என்றாள் தங்கம்மாள். "எனக்கு ஒம்பது நாள் கதை போச்சுடி!"

திட்டிக்கொண்டே வந்து மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் தருமபுரி பெரியாஸ்பத்திரிக்கு முதலில் கிளம்பியவளும் அவள்தான்.

மனநல டாக்டர் ஐஸ்வர்யா அவசரப்படாமல் கேட்டுக்கொண்டார்.

"மாத்திரை பிள்ளைக்கு ஆகாதுன்னு போன்ல போட்டிருக்குதுங்க" என்றான் இளம்பரிதி.

"ஆபத்தே இல்லைன்னு நானும் சொல்ல மாட்டேன். சில குழந்தைங்க பிறந்ததும் கொஞ்ச நாள் நடுக்கமா, எரிச்சலா இருக்கும். கூட இருந்து பார்த்துக்குவோம். ஆனா அம்மா சாப்பிடாம தூங்காம இருக்கிறதும் குழந்தையைப் பாதிக்கும். லேசா இருந்தா பேச்சு சிகிச்சையே போதும். கனிமொழிக்கு இது ரெண்டாவது தடவை, எடையும் குறைஞ்சிருக்கு. பேச்சும் மாத்திரையும் ரெண்டும் சேர்ந்தா நல்லதுன்னு எனக்குத் தோணுது. முடிவு அவங்களோடது. யோசிச்சுட்டு வரட்டும்."

"என்னைக் கேட்டீங்கன்னா..." என்று தொடங்கினாள் தங்கம்மாள்.

"உங்களக் கேக்கலிங்க அத்தை" என்றாள் கனிமொழி.

டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தங்கம்மாளும் வாயை மூடிக்கொண்டாள். அது அவள் வழக்கம் அல்ல.

வீட்டுக்கு வந்ததும் கனிமொழி புருஷன் போனை வாங்கி அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினாள். மூன்று நாள் தனக்குத்தானே பேசிப் பார்த்தாள். மாத்திரை போட்டுக்கொள்ளப் பயம்தான். ஆனால் பிள்ளை பிறந்த பிறகும் இப்படியே ஒன்றும் தோன்றாமல் அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதை நினைத்தால், அது அதைவிடப் பெரிய பயமாக இருந்தது. நான்காம் நாள் போய்ச் சம்மதம் சொன்னாள். காலையில் குறைந்த அளவில் ஒரு மாத்திரை, வியாழன்தோறும் ஆலோசகரிடம் பேச்சு.

முதல் இரண்டு வாரம் குமட்டலைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. நிறுத்திவிடலாமா என்று போன் போட்டாள். "இன்னும் ரெண்டு வாரம் பொறுங்க. நீங்களா நிறுத்திடாதீங்க" என்றார் டாக்டர். நான்காம் வாரம் ஒருநாள் விடியும்வரை தூங்கினாள். அடுத்த நாள் மறுபடி அழுகை. அதற்கடுத்த நாள் இல்லை.

ஆறாவது வாரம், மத்தியானச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. "பசிக்குது" என்றாள். இளம்பரிதி லாரியை எடுத்துக்கொண்டு பறந்துபோய்க் கொய்யா வாங்கி வந்தான். ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பேரு கொய்யாவா? பார்த்து வாங்கத் தெரியாது? மொளகாத்தூளாச்சும் வாங்கியாந்தீங்களா?" என்று பிடித்துக்கொண்டாள். கால் மணி நேரம் விடவில்லை. அவள் இப்படி வாயாரத் திட்டி ரொம்ப நாள் ஆகியிருந்தது.

வாங்கிக் கட்டிக்கொண்டு சமையலறைக்குள் வந்த மகனைப் பார்த்து, "என்னாடா, அழுவறியா?" என்றாள் தங்கம்மாள்.

"இல்லம்மா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிளகாய்த்தூள் டப்பாவைத் தேட ஆரம்பித்தான்.