கங்காணியாரின் பத்தியம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இறைச்சி தின்று கெட்டுப்போனவர் ஒரே ஒருவர்தான். அவர் பெரிய கங்காணி பெரியதம்பி. மற்ற எல்லோரும் ரொட்டியும் சம்பலும் தின்று கெட்டுக்கொண்டிருந்தோம்.

கால் பெருவிரல் வீங்கி நடக்க முடியாமல் போனதும் கங்காணியார் றொசல்லயில் ரயிலேறி ஹட்டனுக்குப் போய் ஒரு டாக்டரைப் பார்த்தார். "இறைச்சியைக் குறைங்க, கீரை பருப்பு நிறையச் சாப்பிடுங்க" என்று சொல்லி அனுப்பினார் டாக்டர். நல்ல மனிதர். கங்காணியாரின் மனைவி தனலெட்சுமி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். காலையில் கீரை, மத்தியானம் கீரை, இரவு மிச்சக் கீரை.

அதோடு விட்டிருந்தால் அவர் உண்டு, அவர் கீரை உண்டு என்று போயிருக்கும். ஆனால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாராவது அபூர்வமாக அரை றாத்தல் இறைச்சி வாங்கி வதக்கினால், வாசனை நேரே மேட்டிலிருக்கும் கங்காணி வீட்டுக்கு ஏறிவிடும். தான் தின்ன முடியாததை இன்னொருத்தன் தின்பதா? காலையில் பெரட்டுக் களத்தில் வேலை பிரித்துக் கொடுத்த கையோடு எங்களுக்குச் சுகாதாரப் பிரசங்கம் ஆரம்பமாயிற்று.

"கறி திங்கிறத கொறைங்கடா. ஒடம்புக்கு ஆகாது."

இருந்தால் அல்லவா குறைப்பதற்கு!

பிரசங்கம் எடுபடாததால் மாரியம்மனைத் துணைக்கு இழுத்தார். சித்திரையில் வரும் திருவிழாவுக்கு மாசியிலேயே தன் கையில் காப்புக் கட்டிக்கொண்டார். ஆத்தா கனவில் வந்து கேட்டாளாம். கோயில் தலைவரும் அவர்தான்; அவர் சொன்னால் மறுப்பேது? காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை லயத்தில் எந்த அடுப்பிலும் கறி ஏறக் கூடாது, கருவாடுகூட.

அந்த நேரம் பார்த்து வீரம்மாவின் மகள் ரத்னாவுக்குப் பிள்ளை பிறந்தது. ரத்தம் நிறையப் போய், எழுந்து உட்காரவும் முடியாமல் கிடந்தாள். பால் ஊறவில்லை. பிள்ளை கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிற்று. மிளகும் பூண்டும் தட்டிப்போட்டு ரசம் வைத்துக் கொடுக்கவென்றே வீரம்மா ஒரு கோழி வளர்த்து வைத்திருந்தாள். அதைக் குடித்தால் மகள் பிழைத்துக்கொள்வாள் என்பது அவள் நம்பிக்கை.

கோயிலடியில் ஊரே கூடியிருந்தபோது போய்க் கேட்டாள்.

"கங்காணியாரே, பிள்ளப்பெத்தவளுக்கு மட்டும் உத்தரவு குடுங்க."

"கீரையக் குடு. கீரையில இல்லாத சத்தா?"

வீரம்மா ஒரு எட்டு முன்னால் வைத்தாள். அவர் பதறிப்போனார். "அங்கேயே நில்லு! தீட்டு வீட்டுக்காரி கோயில் பக்கம் வராத. தீட்டுக் கழியிறவரைக்கும் ஆத்தாளுக்கும் ஒன் வீட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது."

"சம்பந்தமே கெடையாதுங்களா?"

"கெடையாது!"

"அப்ப ஆத்தா காப்பும் எங்க வீட்டக் கட்டாதுங்களே."

பூசாரி சின்னத்தம்பி தலையைச் சொறிந்தார். "ஞாயந்தான்" என்றார்.

சாயந்திரம் கோழி சட்டியில் ஏறியது. வாசனை வழக்கம்போல் மேட்டுக்குப் போய்க் கங்காணியாரைக் கையோடு கூட்டி வந்தது. நொண்டி நொண்டி இறங்கி வந்தவர் திட்டத்தான் வாயைத் திறந்தார். ஆனால் வாயில் எச்சில் ஊறியிருந்தது.

"பச்சப்புள்ளய ஒரு எட்டுப் பாத்துட்டுப் போறேன்" என்றபடி வீரம்மாவின் ஒற்றையறைக் காம்பராவுக்குள் நுழைந்தே விட்டார். பிள்ளையைப் பார்த்தாரோ இல்லையோ, சட்டியைப் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

இருப்பது ஒரே கோழி. கங்காணியார் கேட்டு இல்லை என்று சொன்னவர்கள் எங்கள் லயத்தில் கிடையாது.

வீரம்மா சட்டியைத் தூக்கிப்போய் மகள் பக்கத்தில் வைத்தாள். தனக்கென்று வைத்திருந்த கீரையை ஒரு தட்டில் போட்டு அவர் முன்னால் நகர்த்தினாள்.

"சாப்பிடுங்க. கீரையில இல்லாத சத்தா?"

அப்போது வாசலிலிருந்து பூசாரியின் குரல் கேட்டது. "கங்காணியாரே, காப்புக் கையோட தீட்டு வீட்டுக்குள்ள போயிட்டீங்களே! காப்ப அவுத்துருங்க. சித்திரையில திருவிழாவுக்கே கட்டிக்குவோம்."

வெளியே நின்ற நாங்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு அந்த மாரியம்மனுக்குத்தான் தெரியும்.

கங்காணியார் காப்பை அவிழ்த்தார். வேறு வழியில்லாமல் கீரையையும் தின்றார். அவர் கண்ணெதிரே, சுவரில் சாய்ந்தபடி, ரத்னா கோழி ரசத்தைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். டாக்டர் சொன்ன பத்தியம் அன்றைக்குத்தான் உரிய ஆளிடம் போய்ச் சேர்ந்தது.